தேடினால் கிடைக்காத பார்கோடு எண்: நூலகப் பட்டியலில் 024 புலத்தைச் சீரமைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

அச்சு நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற தனி அடையாள எண் இருக்கிறது. பருவ இதழுக்கு ஐஎஸ்எஸ்என் இருக்கிறது. திரைப்பட டிவிடிக்கும் இசைக் குறுவட்டுக்கும் விளையாட்டு வட்டுக்கும் பெரும்பாலும் அப்படி எதுவும் இருப்பதில்லை. அவற்றின் மீது அச்சாகியிருக்கும் எண்களில், ஸ்கேனரால் நேரடியாகப் படிக்கக்கூடியதும் வேறு நூலகங்களின் பதிவுகளோடு ஒப்பிடக்கூடியதுமான எண், கடையில் விலை போடுவதற்காகத் தரப்பட்ட பார்கோடு எண் மட்டுமே. அந்த எண் பட்டியலில் ஒழுங்காகப் பதிவாகி, தேடும்போது ஒழுங்காகக் கிடைத்தால், ஒலி ஒளித் தொகுப்பைக் கையாளும் வேலையில் பாதி சுலபமாகிவிடும். அது எங்கள் நூலகத்தில் ஏன் கிடைக்கவில்லை, கிடைக்க வைக்க என்ன செய்தோம் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

சிக்கல் முதலில் தெரிந்தது நன்கொடைப் பொருள்களைப் பெறும் மேசையில். பெட்டி பெட்டியாக வட்டுகள் வந்து சேரும்போது, ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேர்க்கையை முடிவு செய்வது வழக்கம். தலைப்பைத் தட்டச்சு செய்து தேடினால் ஒரே படத்தின் பல பதிப்புகள் வந்து நிற்கும். எனவே பணியாளர்கள் உறையின் பின்பக்கப் பார்கோட்டை ஸ்கேன் செய்து தேடினார்கள். "பதிவு எதுவும் இல்லை" என்றே பட்டியல் பலமுறை சொன்னது. இல்லை என்று நம்பிப் புதுப் பதிவு உருவாக்கப்பட்டது. பிறகு அலமாரியில் வைக்கப் போகும்போது அதே வட்டு, அதே பதிப்பு, அங்கே முன்பே நின்றுகொண்டிருந்தது. இப்படி உருவான இரட்டைப் பதிவுகள் குவிந்த பின்னரே, தேடலில்தான் கோளாறு என்ற முடிவுக்கு வந்தோம்.

எண் எங்கே இருக்க வேண்டும்

நூலகப் பதிவுகளைக் கணினியில் எழுதும் மார்க் 21 வடிவத்தில் ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் எண்ணிட்ட ஒரு புலம் உண்டு; புலத்தின் தொடக்கத்தில் குறிகாட்டிகளும் உள்ளே துணைப்புலங்களும் இருக்கும். பார்கோடு எண்ணுக்குரிய இடம் 024 புலம். அதன் முதல் குறிகாட்டி எண்ணின் வகையைச் சொல்கிறது: 0 என்றால் ஒலிப்பதிவுக்குரிய ஐஎஸ்ஆர்சி, 1 என்றால் 12 இலக்கக் கடைப் பார்கோடு எண்ணான யூபிசி, 2 என்றால் அச்சிட்ட இசைக்குறிப்புகளுக்குரிய ஐஎஸ்எம்என், 3 என்றால் 13 இலக்கக் கடைப் பார்கோடு எண்ணான இஏஎன். வகை தெரியாதபோது 8 என்று இடலாம். எண் ஏ துணைப்புலத்தில் அமர்கிறது. பெரிய பார்கோட்டுக்குப் பக்கத்தில் சிறிதாக அச்சாகும் கூடுதல் இலக்கங்கள் டி (d) துணைப்புலத்தில். தவறாக அச்சானதோ செல்லாததோ ஆன எண் இசட் துணைப்புலத்தில். கோடுகளாகக் குறியேற்றப்பட்ட எண்ணும் அவற்றின் அருகில் கண்ணால் படிக்கக்கூடியதாக அச்சான எண்ணும் வேறுபடுகின்றனவா என்பதைச் சொல்ல இரண்டாவது குறிகாட்டி இருக்கிறது. அப்படி ஒரு குறிகாட்டியை வகுத்தவர்கள் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

யூபிசி, இஏஎன் இரண்டும் ஒரே குடும்பம். யூபிசி பார்கோடு ஒரு கடையில் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில். அதன் பிறகு ஐரோப்பாவில், அதே கோடுகளை விரித்து, இன்னொரு இலக்கம் சேர்த்து இஏஎன் உருவானது. 12 இலக்க யூபிசியின் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அது அப்படியே செல்லத்தக்க 13 இலக்க இஏஎன் ஆகிவிடும். எண் தவறில்லாமல் எழுதப்பட்டதா என்று பார்க்க உதவும் கடைசி இலக்கமான சரிபார்ப்பு இலக்கம்கூட மாறாது. வணிக உலகத்துக்கு இது பெரிய வசதி. நூலகப் பட்டியலுக்கோ, ஒரே பொருளின் ஒரே எண்ணை இருவர் இரு நீளங்களில், இரு குறிகாட்டிகளோடு எழுதிவைக்க இதுவே வழி திறந்துவிட்டது.

பதிவுகளில் கண்டவை

024 புலங்கள் அனைத்தையும் மார்க் பதிவுகளைத் திருத்தும் மென்பொருளான மார்க்எடிட் மூலம் பிரித்தெடுத்துப் பார்த்தோம். அங்கே கண்டதை விளக்க, பயிற்சி நூல்களில் வழக்கமாக வரும் 012345678905 என்ற மாதிரி எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். இது சரிபார்ப்பு இலக்கம் பொருந்தும் முழுமையான யூபிசி.

இப்படிப்பட்ட ஓர் எண், சில பதிவுகளில் முதல் குறிகாட்டி 1 உடன் 12 இலக்கமாக, இருக்க வேண்டிய விதத்தில் இருந்தது. வேறு சிலவற்றில் குறிகாட்டி 3 உடன், முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்து, 13 இலக்கமாக இருந்தது. இன்னும் சில, உறையில் அச்சானபடியே 0 12345 67890 5 என்று இடைவெளிகளோடு எழுதப்பட்டிருந்தன. யூபிசியை அச்சிடும்போது முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் கோடுகளுக்கு வெளியே, சிறிய எழுத்தில், ஓரமாக நிற்கும். அவசரமாகப் பார்க்கும் கண்ணுக்கு அவை எண்ணின் பகுதியாகவே தோன்றாது. அதனால் பழைய பதிவுகள் சிலவற்றில் நடுவில் உள்ள 10 இலக்கங்கள் மட்டுமே இருந்தன. 10 இலக்கம் என்றால் ஐஎஸ்பிஎன் என்று எண்ணி அதை 020 புலத்தில் போட்டவர்களும் உண்டு. 028 புலத்தில், அதாவது இசை வெளியீட்டாளர் தரும் வெளியீட்டு எண்ணுக்குரிய இடத்தில், பார்கோடு எண் கிடந்ததையும் கண்டோம். பொதுக் குறிப்பான 500 புலத்தில் "பார்கோடு:" என்று முன்னொட்டு இட்டு எழுதப்பட்டவை தனி.

எல்லாவற்றிலும் அதிகமாக எங்களை நிறுத்திவைத்தவை 11 இலக்க எண்கள். பொருள்களோடு பதிவுகளையும் அனுப்பிய ஒரு விற்பனை நிறுவனத்தின் கோப்பு, மார்க் வடிவமாக மாறுவதற்கு முன்பு எக்செல் தாள் ஒன்றின் வழியாக வந்திருந்தது. எண்களை எழுத்து வகை என்று குறிக்காமல் திறந்தால், எக்செல் அவற்றைக் கணக்குக்குரிய எண்களாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிடும். 012345678905 என்பது 12345678905 ஆகிவிடும். பூஜ்யத்தில் தொடங்காத 12, 13 இலக்க எண்களுக்கு நேர்வது இன்னும் மோசம்: பொது வடிவமைப்பில் அவை பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டப்படுகின்றன, அந்த நிலையில் காற்புள்ளிக் (சிஎஸ்வி) கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் மீட்க முடியாதபடி போய்விடுகின்றன. அத்தகைய பதிவுகளில் எண்ணை மீட்க ஒரே வழி, பொருளை அலமாரியிலிருந்து எடுத்து வருவதுதான்.

11 இலக்க எண்ணைப் பார்த்தவுடன் முன்னால் பூஜ்யம் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த நீளம் இரு வழிகளில் வரலாம்: முதல் பூஜ்யம் போயிருக்கலாம், அல்லது பட்டியலாளர் ஓரத்தில் நின்ற சரிபார்ப்பு இலக்கத்தை விட்டிருக்கலாம். பூஜ்யத்தைச் சேர்த்துச் சரிபார்ப்புக் கணக்கைப் போட்டால் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தாவிட்டால் பூஜ்யம் போன வழக்கு அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். பொருந்தினாலோ, அது தற்செயலாகவும் பொருந்தக்கூடும். பத்தில் ஒரு வாய்ப்பு அதற்கு உண்டு. ஆகவே பொருந்திய எண்களையும் தானாகத் திருத்தவில்லை. பூஜ்யம் சேர்த்த வடிவம் வேறொரு நம்பகமான பதிவிலும் அதே தலைப்போடு இருந்தால் மட்டுமே திருத்தினோம். மற்றவற்றைப் பொருளைப் பார்த்து முடிவு செய்யும் பட்டியலில் சேர்த்தோம்.

சரிபார்ப்பு இலக்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யூபிசியில் இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை அதனோடு கூட்ட வேண்டும். கிடைக்கும் தொகையை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுசெல்ல எவ்வளவு தேவையோ அதுவே கடைசி இலக்கம். நம் மாதிரி எண்ணில் 20ஐ மூன்றால் பெருக்கினால் 60, இரட்டைப்படை இடங்கள் 25, ஆக 85, 90க்கு 5 தேவை, கடைசி இலக்கம் 5. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் இந்தக் கணக்கு தவறாமல் பிடித்துவிடும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே வேறுபாடு 5 ஆக இருந்தால் பிடிக்காது. மாதிரி எண்ணின் கடைசி இரு இலக்கங்களான 0, 5 இரண்டையும் இடம் மாற்றி 012345678950 என்று எழுதிக் கணக்குப் போட்டால், ஒற்றைப்படை 25, மூன்று மடங்கு 75, அதோடு 25 சேர்ந்து 100. கடைசி இலக்கம் 0. இதுவும் செல்லத்தக்க எண்தான். கையால் தட்டச்சு செய்த எண் சரிபார்ப்பில் தேறியது என்பது அது அந்தப் பொருளின் எண் என்பதற்குச் சான்றாகாது. இந்தக் காரணத்தால், இனி 024 புலத்தில் எண் ஸ்கேன் செய்தே ஏற வேண்டும், தட்டச்சு விதிவிலக்காக மட்டுமே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

தேடல் பக்கத்தில் கண்டவை

பதிவுகள் சரியாக இருந்த இடங்களிலும் தேடல் தோற்றது. எங்கள் நூலகம் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அதன் விரிவான தேடலில் பார்கோடு என்ற தெரிவு இருக்கிறது. பணியாளர்கள் இயல்பாகவே அதைத் தேர்ந்தெடுத்து உறையை ஸ்கேன் செய்தார்கள். அந்தத் தெரிவு தேடுவதோ 952 புலத்தின் பி (p) துணைப்புலத்தை, அதாவது ஒவ்வொரு படிக்கும் நூலகம் ஒட்டும் வில்லையின் எண்ணை. கடைக்காரர் பார்கோட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எங்கள் வில்லைகள் பல நூலகங்கள் பயன்படுத்தும் 14 இலக்க வகையைச் சேர்ந்தவை. 3 என்று தொடங்கினால் பொருள், 2 என்று தொடங்கினால் உறுப்பினர் அட்டை. ஒரே உறையில் இரு பார்கோடுகள், ஒரே ஸ்கேனர், ஒரே பெட்டி. தேடல் திரையோ இரண்டில் ஒன்றைத்தான் அறியும். பணியாளர் மீது இதில் எந்தக் குறையும் இல்லை.

பொதுச் சொல் தேடலில் ஸ்கேன் செய்தவர்களுக்கும் வேறு தடைகள் இருந்தன. இடைவெளிகளோடு எழுதிய எண், தேடலுக்கான சொற்பட்டியலான அடைவில் நான்கு தனிச் சொற்களாகப் பிரிந்து ஏறியிருந்தது. ஸ்கேனர் அனுப்பும் தொடர்ச்சியான 12 இலக்கங்கள் அவற்றில் எதனோடும் பொருந்தாது. மேலும், ஸ்கேனர்கள் எல்லாம் ஒரே மாதிரி அமைக்கப்பட்டிருக்கவில்லை. யூபிசியைப் படித்தால் 12 இலக்கமாகவே அனுப்பும் கருவியும் இருந்தது. முன்னால் பூஜ்யம் சேர்த்து 13 இலக்கமாக அனுப்பும் கருவியும் இருந்தது. ஒரு மேசையில் கிடைத்த பதிவு அடுத்த மேசையில் கிடைக்காமல் போன மர்மம் இதனால் தீர்ந்தது. கருவியோடு வரும் கையேட்டில் உள்ள அமைப்புப் பார்கோடுகளை ஸ்கேன் செய்து எல்லாக் கருவிகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தோம். சிறு பொருள்களில் வரும் சுருக்கப்பட்ட யூபிசியையும் விரித்தே அனுப்பும்படி மாற்றினோம்.

எடுத்த முடிவு

இரு கருத்துகள் எழுந்தன. பதிவுகள் அனைத்தையும் 13 இலக்கமாக மாற்றிவிடலாம் என்றார் ஒருவர். எளிய வழிதான்; ஆனால் 024 புலம் பொருளில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் இடம். 12 இலக்க யூபிசி அச்சான பொருளுக்கு 13 இலக்கம் எழுதினால், மற்ற நூலகங்களிலிருந்து பதிவிறக்கும் பதிவுகள் ஒவ்வொரு முறையும் நம்முடையவற்றோடு மோதும்; நாம் பகிரும் பதிவுகள் பிறரைக் குழப்பும். ஆகவே பதிவில் பொருளில் உள்ளபடியே எழுதுவது, தேடலில் மட்டும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது என்ற இரண்டாவது கருத்தையே ஏற்றோம். இந்த வேலை முழுவதிலும் நாங்கள் உறுதியாகப் பிடித்துக்கொண்ட கொள்கை இது. இப்போதும் இதுவே சரி என்று நினைக்கிறேன்.

ஒரே வடிவம் எது என்பதற்குப் பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பே விடை வைத்திருக்கிறது. 8, 12, 13, 14 என எந்த நீளத்தில் வந்தாலும் எண்ணை 14 இடங்கள் கொண்ட புலத்தில் வலப்பக்கமாக ஒதுக்கி, இடப்பக்கம் பூஜ்யங்களால் நிரப்புவது அதன் முறை. அடைவு கட்டும்போது 024 புலத்தின் எண்ணிலிருந்து இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கி, 14 இலக்கமாக நிரப்பித் தனி அடைவில் சேர்க்கும்படி அமைத்தோம். தேடுபவர் கொடுக்கும் எண்ணும் அதே வழியாகச் சென்ற பிறகே ஒப்பிடப்படும். பதிவில் 12, ஸ்கேனரிலிருந்து 13, பிறர் எழுதியது இடைவெளியோடு என்றாலும் மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. இசட் துணைப்புலத்தையும் இந்த அடைவில் சேர்த்தோம். செல்லாத எண்ணை ஏன் தேடவேண்டும் என்று கேட்கலாம். உறையில் அச்சாகியிருப்பது அந்தச் செல்லாத எண்தான், ஸ்கேனர் படிக்கப்போவதும் அதைத்தான்.

978 என்று தொடங்கும் எண்கள் தனி வழியில் செல்கின்றன. 2007 தொடக்கத்திலிருந்து ஐஎஸ்பிஎன் 13 இலக்கமானதால், நூலின் பின்னட்டையில் உள்ள பார்கோடும் ஐஎஸ்பிஎன்னும் ஒன்றே; அவை 020 புலத்துக்குரியவை, 024 புலத்தில் மறுபடி எழுதத் தேவையில்லை. அதற்கு முந்தைய 10 இலக்க ஐஎஸ்பிஎன்களைச் சரிபார்ப்பு இலக்கத்தை நீக்கி, 978 சேர்த்து, புதிய சரிபார்ப்பு இலக்கம் கண்டு ஒப்பிட வேண்டும். 979-0 என்று தொடங்குபவை இசைக்குறிப்புகளின் ஐஎஸ்எம்என். 2008க்கு முன் எம் என்ற எழுத்தோடு தொடங்கிய பழைய வடிவத்தில் எம் இருந்த இடத்தில் 979-0 வைத்தால் போதும், சரிபார்ப்பு இலக்கம் அப்படியே நிற்கும். 977 என்று தொடங்கினால் பருவ இதழ். அதனுள் ஐஎஸ்எஸ்என்னின் முதல் 7 இலக்கங்கள் மட்டுமே இருக்கும், எட்டாவது இலக்கத்தைக் கணக்கிட்டுப் பெற வேண்டும். இந்தப் பிரிப்பு முழுவதையும் தேடல் பெட்டியின் பின்னால் வைத்தோம்; ஸ்கேன் செய்பவர் எந்தத் தெரிவையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 14 இலக்கமாகவும் 3 என்ற தொடக்கமாகவும் வந்தால் படியின் வில்லை எண். மற்றவை பொருளின் எண்.

பிற நூலகங்களின் பட்டியல்களை, கணினிகளுக்கு இடையே தேடும் நெறிமுறையான இசட்39.50 வழியாகத் தேடும்போது அங்கே எண் எந்த நீளத்தில் அடைவாகியிருக்கிறது என்பது நம் கையில் இல்லை. அதற்கு 12 இலக்க வடிவத்தையும் 13 இலக்க வடிவத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறோம்.

எண் பொருந்தினால் போதுமா

போதாது. பார்கோடு எண் விற்பனைக்குரிய ஒரு பொருளை அடையாளப்படுத்துகிறது. நூலகம் விவரிக்கும் வெளியீட்டோடு அது எப்போதும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவதில்லை. அமெரிக்காவில் வெளியான மலிவுப் பதிப்பு நாவல்கள் பலவற்றின் யூபிசி, ஒரு பதிப்பகத்தின் ஒரே விலையுள்ள எல்லா நூல்களுக்கும் பொதுவானது; தலைப்பைப் பிரித்துக் காட்டுவது பக்கத்தில் உள்ள 5 இலக்கச் சேர்க்கை மட்டும். டி துணைப்புலத்தை விட்டுவிட்டு அந்த யூபிசியைத் தேடினால் தொடர்பில்லாத நாவல்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒருமுறை ஒதுக்கிய எண்ணை வேறு பொருளுக்கு மறுபடி தரக் கூடாது என்பது ஜிஎஸ்1 விதிகளில் 2019 முதல்தான் பொதுவாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் குறிப்பிட்ட காலம் கழிந்தபின் மறுபயன்பாடு அனுமதிக்கப்பட்டிருந்தது. நூலகமோ பழைய வட்டையும் புதிய வட்டையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பது.

ஆகவே வெளியிலிருந்து பதிவுகளை ஏற்றும்போது, 024 பொருந்தினால் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும் வழக்கத்தை நிறுத்தினோம். கோஹாவின் பொருத்த விதிகளில் ஒவ்வொரு பொருத்தத்துக்கும் மதிப்பெண் தந்து, கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே பொருந்தியதாகக் கொள்ளலாம். 024 தனியாக வரம்பை எட்டாதபடியும், தலைப்போ 028 வெளியீட்டு எண்ணோ துணை சேர்ந்தால் எட்டும்படியும் மதிப்பெண்களை அமைத்தோம். நன்கொடை மேசையிலும் இதுவே நடைமுறை: ஸ்கேனில் பதிவு வந்தால், குறுவட்டின் முதுகில் உள்ள வெளியீட்டு எண்ணையும் வட்டுகளின் எண்ணிக்கையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டே "இருக்கிறது" என்று சொல்ல வேண்டும்.

வேலையின் வரிசையிலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. முன்பு நூலக வில்லை முதலில் ஒட்டப்பட்டது. அதற்கு வசதியான வெற்றிடம் என்று பலர் தேர்ந்தெடுத்தது உறையின் பின்பக்கக் கீழ்மூலை, அதாவது கடைக்காரர் பார்கோட்டின் மேலேயே. சில வட்டுகளில் பார்கோடு உறையில் இல்லாமல், மேலே சுற்றிய பிளாஸ்டிக்கில் ஒட்டிய தாளில் மட்டும் இருக்கும். பிரித்தவுடன் அது குப்பைக்கூடைக்குப் போய்விடும். இப்போது பொருள் கைக்கு வந்தவுடன், பிரிப்பதற்கும் ஒட்டுவதற்கும் முன்பு, 024 புலத்தில் ஸ்கேன் செய்கிறோம். எண் வெளியுறையிலிருந்து எடுக்கப்பட்டது என்றால் க்யூ துணைப்புலத்தில் அதையும் குறிக்கிறோம். வில்லைக்கு முன்னட்டையின் மேல்மூலை ஒதுக்கப்பட்டுவிட்டது.

தொகுப்புப் பெட்டிகள் விவாதத்தை நீட்டின. பெட்டிக்கு ஓர் எண், உள்ளே உள்ள ஒவ்வொரு வட்டின் உறைக்கும் ஓர் எண் என்று இருக்கும்போது, எதைப் பதிவது? பெட்டி எண்ணை முதல் 024 புலத்திலும், உள்ளுறை எண்களை அடுத்தடுத்த 024 புலங்களில் க்யூ துணைப்புலத்தில் வட்டின் பெயரோடும் எழுதுகிறோம். திரும்பி வரும் வட்டு பெட்டியிலிருந்து பிரிந்திருந்தாலும் அதை ஸ்கேன் செய்தவுடன் எந்தப் பெட்டிக்குரியது என்பது தெரிந்துவிடுகிறது. வழங்கல் பிரிவினர் இந்த மாற்றத்தையே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வரவேற்றார்கள். அதே உள் வட்டு தனியாகவும் விற்கப்பட்டிருந்தால் ஒரே எண்ணுக்கு இரு பதிவுகள் வரும். இரண்டையும் காட்டி, முடிவைப் பணியாளருக்கு விடுவதே சரி.

எக்செல் தாளில் இலக்கங்களை இழந்த பதிவுகளுக்கு ஒவ்வொரு படியிலும் உள்குறிப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அந்தப் பொருள் இரவலிலிருந்து திரும்பும்போது குறிப்பு திரையில் எழும். வழங்கல் மேசையில் இருப்பவர் அதை அலமாரிக்கு அனுப்பாமல் பட்டியல் பிரிவுக்கு அனுப்புவார். அங்கே உறையை ஸ்கேன் செய்து எண்ணை நிரப்பிய பின் குறிப்பு நீக்கப்படும். இரவலில் போகாமல் அலமாரியிலேயே இருப்பவை ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது எடுக்கப்படுகின்றன.